கைக்காரரின் வலது தோள்

படகுத்துறையில் அவரைக் கைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அவரை ரேகை பார்க்கிறவர் என்று நினைத்து உள்ளங்கையை விரித்து நீட்டிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. அவர் வேலை அதைவிடச் சின்னது. படகு கரையை ஒட்டி வரும்போது கயிற்றை வீசி இரும்புத் தூணில் மாட்டுவார். பிறகு ஒரு காலைத் துறை விளிம்பிலும் இன்னொரு காலைப் படகு விளிம்பிலும் ஊன்றி நின்று, ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் வலது கையைக் கொடுப்பார். ஒரு நாளைக்குப் பதினெட்டு நடை. இப்படி முப்பத்தோரு வருஷம். அறுபத்து மூன்று வயதாகியும் அந்தக் கை மட்டும் கிழடு தட்டாமல் இருந்தது.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி மாட்டி வைக்காத சட்டம். உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது, மணிக்கட்டைத்தான் பிடிக்க வேண்டும். நாம் ஒருவருடைய மணிக்கட்டைப் பிடித்தால் அவர் விரல்கள் தன்னால் நம் மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ளும். ஒரு பிடி வழுக்கினாலும் மற்றது நிற்கும். வேலைக்குப் புதிதாக வந்தவன் உள்ளங்கையைப் பிடித்துவிட்டால் போச்சு. "என்னடா, கை குலுக்கிப் பேச வந்தியா? சம்பந்தம் பேசப் போறியா?" என்று அத்தனை பேர் நடுவில் மானத்தை வாங்கிவிடுவார். பெரிய அதிகாரியானாலும் மணிக்கட்டு, மீன் கூடைக்காரியானாலும் மணிக்கட்டு.

ஒரே ஒருவருக்குத்தான் அவர் அந்தச் சட்டத்தைத் தளர்த்தி வைத்திருந்தார். அக்கரைப் பள்ளிக்கூடத்து டீச்சர். இருபது வருஷமாகக் காலை ஏழு நாற்பது படகு. முதல் நாள் மணிக்கட்டைப் பிடிக்கப் போனபோது அந்த அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சங்கடமாகி, நான்கு விரல்களை மட்டும் நீட்டினார். கைக்காரர் அந்த நான்கு விரல்களைப் பிடித்து ஏற்றிவிட்டார். மறுநாளும் நான்கு விரல்கள்தான். அதுவே பழக்கமாகிப் போனது. மற்றவர்களுக்குக் கயிற்று எண்ணெய் படிந்த கையை அப்படியே கொடுப்பவர், டீச்சர் வரிசையில் வருவதைப் பார்த்துவிட்டால் மட்டும் கால்சட்டையில் இரண்டு தடவை கையைத் துடைத்துக்கொள்வார். படகு டிரைவர் இதைக் கைக்காரரின் மனைவியிடம் போட்டுக் கொடுக்க, வீட்டில் கொஞ்ச காலம் கேலி பறந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. அந்த மரியாதையில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

விபத்து நடந்த அன்று மூன்றாம் நாளாக மழை. டீச்சர் ஒரு காலைப் படகில் வைத்தபோது, நடு ஆற்றில் போன மணல் படகு கிளப்பிய அலை வந்து மோதியது. படகு ஒரு முழம் பின்வாங்கியது. அந்த இடைவெளிக்குள் அவர் விழுந்தார். கைக்காரர் துறை விளிம்பில் குப்புற விழுந்து, கையிலிருந்த நான்கு விரல்களைப் பிடித்துக்கொண்டார். ஒரு ஆளின் கனமும், நனைந்த துணியின் கனமும், அடியில் இழுக்கும் தண்ணீரும் அந்த ஒரு தோளில் தொங்கின. தோளுக்குள் ஏதோ பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. டீச்சர் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கணம் கைக்குள் விரல்கள் இல்லை.

'மழையில் கை வழுக்கிவிட்டது' என்று டீச்சரின் சாவு விசாரணையில் எழுதினார்கள். அதன் கீழே அவர் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். மூட்டு நழுவும் வரைக்கும் பிடித்த மனுஷன் என்று ஊரே அவரைக் கொண்டாடியது. அவருக்கு மட்டும் தெரியும், எதுவும் வழுக்கவில்லை. அந்த வலியில் அவர்தான் விரல்களைத் திறந்தார்.

*

நழுவிய மூட்டை மருத்துவமனையில் ஏற்றி உட்கார வைத்தார்கள். உள்ளே தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, இந்த வயதில் கத்தி வைப்பதைவிடக் கையைத் துணித் தொட்டிலில் கட்டி வைத்துப் பிறகு பயிற்சி கொடுப்பதே நல்லது என்றார் டாக்டர். ஆறு வாரம் கழுத்திலிருந்து கை தொங்கியது. படுத்தால் தோள் பின்னால் சரிந்து உயிர் போகும். அதனால் நாற்காலியிலேயே தலையணை முட்டுக்கொடுத்துத் தூக்கம். விடியும்போது கண் விழித்தால் வலது உள்ளங்கைக்குள் நான்கு விரல்கள் சில்லென்று இருக்கும். மூடிப் பார்ப்பார். திறந்து பார்ப்பார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் சில்லிப்பு போகாது. தொட்டிலுக்குள்ளேயே கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

அவர் மனைவி படகுகளுக்குத் தார்ப்பாய் தைப்பவள். மழைத் திரை, கூரைத் துணி எல்லாம் அவள் கைவேலை. கொக்கி ஊசியும் மெழுகு நூலுமாக நாள் முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். கணவருக்குச் சட்டைப் பித்தான் போடுவதும், தலை துவட்டுவதும், மீனில் முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து வைப்பதும் இப்போது அவள் வேலையோடு சேர்ந்துகொண்டன.

"முள்ளு இருக்கு பாரு," என்றார் அவர், இடது கையில் கரண்டியோடு.

"எங்க இருக்கு? நான் பார்த்துத்தானே எடுத்தேன். உங்களுக்குக் குறை சொல்லாட்டி சோறு இறங்காது."

"தொண்டையில குத்துது."

"குத்துனா ரெண்டு வாய் வெறும் சோறு முழுங்குங்க. நாலு பேரு வந்து பழம் வச்சுக் கும்பிட்டுப் போனதுல நாக்கு நீண்டு போச்சு உங்களுக்கு."

பழங்கள் உண்மையிலேயே மேஜை கொள்ளாமல் கிடந்தன. தினம் யாராவது வருவார்கள். மீன் கூடைக்காரி வந்து, "அண்ணே, கை போனாலும் பரவாயில்லைன்னு பிடிச்சீங்களே, வேற யாரு பிடிப்பா?" என்று அழுதுவிட்டுப் போனாள். படகு டிரைவர் வந்து, "உங்களை மாதிரி ஒரு ஆளு இனிமே பொறந்து வரணும்ணே" என்றார். ஒவ்வொருவர் போனதும் கைக்காரர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு கையைத் துடைப்பார். அந்தப் பழங்களில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. ஈ மொய்க்க ஆரம்பித்ததும் மனைவிதான் எடுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள்.

*

தொட்டில் கழற்றிய பிறகு பயிற்சி கொடுக்க மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் வாரம் இரண்டு நாள் வந்தாள். சின்ன வயசு, ஆனால் வாய் பெரியது. மேஜையைப் பிடித்துக் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டச் சொன்னாள். சுவரில் விரல்களால் படியேறுவதுபோல மேலே நடத்தச் சொன்னாள். எட்டிய உயரத்தில் மனைவி தார்ப்பாய்க்குக் கோடு போடும் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்து வைப்பாள். மூன்று வாரத்தில் சுவரில் ஐந்து கோடு ஏறியிருந்தது. ஐந்தாவது கோடு அவர் தோள் உயரத்தில் இருந்தது.

பிறகு அந்தப் பெண் கதவுக்கு மேலே ஒரு சின்ன உருளையை மாட்டி, அதில் கயிறு கோத்துத் தொங்கவிட்டாள்.

"ஐயா, ரெண்டு கையிலயும் ஒரு ஒரு முனையைப் பிடிச்சுக்கோங்க. நல்ல கை கீழ இழுக்கட்டும், வலிக்கிற கை தானா மேல போகட்டும். அதுக்கு வேலையே இல்ல. சும்மா பிடிச்சிருந்தாப் போதும்."

"முப்பது வருஷமா கயிறு பிடிச்சவனுக்குக் கயிறு பிடிக்கச் சொல்லித் தரியாம்மா?"

"சொல்லித் தரல. கெஞ்சுறேன். பிடிங்க."

இடது கை இழுத்தது. வலது கை மெல்ல மேலே போனது. தோள் உயரம் வந்ததும் வலது கை விரல்கள் விரிந்தன. கயிறு நழுவித் தரையில் விழுந்தது.

"வலிச்சுதா?"

"இல்ல."

"அப்ப ஏன் விட்டீங்க?"

அவர் குனிந்து கயிற்று முனையை எடுத்தார். மறுபடி கட்டினார்கள். மறுபடி அதே உயரம், அதே மாதிரி விரல்கள் விரிந்தன. ஆறு தடவை. அந்தப் பெண் அவர் தோளை அழுத்திப் பார்த்தாள், முழங்கையை மடக்கிப் பார்த்தாள், தன் இரண்டு விரல்களை அவர் கைக்குள் வைத்து இறுக்கச் சொன்னாள். கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் இறுக்கியதில் அவளுக்கே வலித்தது.

"பிடியில ஒரு குறையும் இல்ல. நரம்பும் நல்லா இருக்கு. எனக்கு விளங்கலம்மா," என்றாள் மனைவியிடம். "இந்த மாசத்துக்குள்ள கை தலைக்கு மேல போகணும். கயிறு வீசிக் காட்டணும், ஆளைத் தூக்கிக் காட்டணும். இல்லாட்டி வேலைக்கு லாயக்கில்லைன்னு நான்தான் எழுதிக் கொடுக்கணும்."

"எழுதிக் கொடுத்துடும்மா," என்றார் கைக்காரர்.

"நீங்க பேசாம இருங்க," என்றாள் மனைவி. "அந்தத் துறை இல்லாட்டி இந்த மனுஷன் மூணு மாசம் தாங்க மாட்டாரும்மா. எனக்குத் தெரியும்."

*

அடுத்த வாரம் டீச்சருடைய வீட்டுக்காரர் வந்தார். கடைத்தெரு மூலையில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். ஒடிசலான மனிதர், பேச்சும் அப்படித்தான். காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதமாகியும் சட்டைக் காலரைக்கூடச் சரியாக மடித்துவிடாமல் வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கைக்காரர் எழுந்திருக்கப் போனபோது, "உட்காருங்க, உட்காருங்க, கையைப் பார்த்துக்கோங்க" என்று பதறினார்.

"முன்னாடியே வந்திருக்கணும். கால் வரல."

"பரவாயில்ல சார்."

"கை இப்ப எப்படி இருக்கு?"

"இருக்கு சார்."

கூடத்தில் மனைவி தார்ப்பாயில் ஊசி குத்தி இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவ ஏதாவது சொன்னாளா?"

"இல்ல சார். பார்த்தாங்க. அவ்வளவுதான்."

"பயந்து போயிருந்தாளா?"

கைக்காரருக்கு அந்த முகம் கண்முன்னே வந்து நின்றது. பயம் என்று சொல்ல முடியாது. பிடித்திருக்கிறாரே, தூக்கிவிடுவார் என்கிற பார்வைதான் அது. அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"இல்ல சார்," என்றார்.

கடிகாரக்காரர் பெருமூச்சு விட்டார். "நீங்க கடைசி வரைக்கும் விடலைங்கிறதுதான் சார் எனக்கு ஒரே ஆறுதல். தனியாப் போகல அவ. ஒரு கை அவளைப் பிடிச்சிருந்துச்சு. அதை நினைச்சுத்தான் கண்ணை மூடுறேன்." எழுந்து, மேஜையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தார். பழுது பார்த்துப் புதுப்பித்த கைக்கடிகாரம். "வலது கையில கட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானம் கயிறு கட்டியபோது கை தோள் உயரத்துக்குக்கூடப் போகவில்லை. இடுப்புக்கு ஒரு சாண் மேலேயே விரல்கள் விரிந்துவிட்டன. மனைவி தைத்துக்கொண்டிருந்த தார்ப்பாயைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கீழே கிடந்த கயிற்று முனையை எடுத்தாள். அதை அவர் கையில் கொடுக்கவில்லை. தன் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"நீங்களா விட்டீங்களா?" என்றாள்.

கயிற்றைக் கேட்கிறாளா, அந்த விரல்களைக் கேட்கிறாளா என்று அவர் கேட்கவில்லை.

"ஆமா."

"வழுக்கலையா?"

"வழுக்கல. விரலைத் திறந்தேன். நான்தான் திறந்தேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கயிற்று முனையை மடியில் வைத்துக்கொண்டு, "மூட்டு கழண்டு தொங்குது. அந்த வலியில யாரு பிடிப்பா? வலி விட்டுச்சு. நீங்க விடல" என்றாள்.

"அது ஒரு கைதானே. வலிச்ச கையும் விட்ட கையும்."

"பேசத் தெரியுதுன்னு பேசாதீங்க."

"அந்த மனுஷன் என்ன சொல்லிட்டுப் போனாரு கேட்டியா?"

"கேட்டேன். கேட்டதாலதான் சொல்றேன், வாயைத் திறக்காதீங்க. அதை நினைச்சுத்தானே அவரு தூங்குறாரு? உங்க மனசு லேசாகணும்னு அவரு தூக்கத்தைப் பிடுங்குவீங்களா? இது என்ன நியாயம்?"

அவள் சொன்னது சரிதான் என்றே அவருக்கும் பட்டது. மூன்று நாள் அப்படியே போனது. கைக்கடிகாரத்தை அவர் கட்டிக்கொள்ளவில்லை, பொட்டலத்தைப் பிரிக்கவும் இல்லை. ஏழு நாற்பது படகின் சங்கு வீடுவரை கேட்கும். அது கேட்டதும் கை தன்னால் போய்க் கால்சட்டையில் துடைத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் காலை அப்படித் துடைத்ததை மனைவி பார்த்தாள். உள்ளே போய் அவருடைய நல்ல சட்டையை எடுத்து வந்து, ஒவ்வொரு பித்தானாகப் போட்டுவிட்டாள்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க. என்னால இதைப் பார்த்துட்டு இருக்க முடியல," என்றாள்.

*

கடிகாரக் கடை ஒரு அலமாரி அளவுக்குத்தான் இருந்தது. கடிகாரக்காரர் ஒரு கண்ணில் பெரிதாகக் காட்டும் கண்ணாடிக் குப்பியைச் செருகிக்கொண்டு எதையோ இடுக்கியால் நோண்டிக்கொண்டிருந்தார். கைக்காரர் நின்றுகொண்டே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

"சார், கை வழுக்கல. வலி தாங்காம நான்தான் விட்டேன். அவங்க என் கையைப் பிடிச்சுத்தான் இருந்தாங்க."

இடுக்கி நின்றது. கடிகாரக்காரர் தலையைத் தூக்கவில்லை. கண்ணில் செருகிய குப்பியையும் எடுக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரத்தைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தன.

"எந்த இடத்துல பிடிச்சிருந்தீங்க?" என்றார் கடைசியில்.

"விரலை சார். நாலு விரலை."

"எல்லாருக்கும் அப்படித்தானா?"

"இல்ல சார். எல்லாருக்கும் மணிக்கட்டு. டீச்சருக்கு மட்டும் விரல். அவங்க அப்படித்தான் நீட்டுவாங்க. மரியாதைக்கு நானும்…"

"சரி. போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். திட்டியிருந்தால், எழுந்து வந்து ஒரு அறை விட்டிருந்தால்கூட கைக்காரர் வாங்கிக்கொண்டிருப்பார். அந்தப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார். கடிகாரக்காரர் அதை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. திரும்பும் வழியெல்லாம் கைக்காரருக்கு முதுகுக்குப் பின்னால் யாரோ நடந்து வருவதுபோலவே இருந்தது.

உண்மையைச் சொன்னதும் கை குணமாகிவிட்டது என்று முடித்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அப்படியெல்லாம் நடக்கவில்லை. மறுநாளும் கயிறு விழுந்தது, அதற்கு மறுநாளும் விழுந்தது. மனைவி ஒரு வேலை செய்தாள். கயிற்று முனையில் தார்ப்பாய்த் துண்டைச் சுருட்டித் தைத்து ஒரு கைப்பிடி செய்தாள். அதையும் விட்டார். பிறகு கயிற்றையே கழற்றி எறிந்துவிட்டு, தானே எதிரில் நின்று, தன் மணிக்கட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"விடுங்க பார்ப்போம்," என்றாள். "நீங்க விட்டாலும் நான் பிடிச்சிருக்கேன்."

தோள் உயரத்தில் அவர் விரல்கள் விரிந்தன. ஆனால் கை விழவில்லை. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். தார்ப்பாய் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன பிடி. விரிந்த விரல்கள் கொஞ்ச நேரம் காற்றில் தவித்துவிட்டுத் திரும்பி வந்து மூடிக்கொண்டன. அப்படியே தினமும் காலையும் மாலையும் நூறு தடவை. இதற்காகப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் ஒரு மாதம் அதிகமாகக் கேட்டு வாங்கினாள் மனைவி. சுவரில் சாக்கட்டிக் கோடு ஒன்பதாகி, பத்தாகி, அவர் தலைக்கு மேலே போனது. வலி இருந்தது. உள்ளங்கையில் சில்லிப்பும் இருந்தது. அது போகாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

*

பரிசோதனைக்கு அந்தப் பெண் துறைக்கே வந்து நின்றாள். கைக்காரர் மூன்று தடவை கயிறு வீசினார். இரண்டு தடவை தூணில் விழுந்தது. "மூணாவது காத்துல தள்ளிப் போச்சு," என்றார் படகு டிரைவர், யாரும் கேட்காமலே. பிறகு அவரே நூறு கிலோ உடம்போடு படகிலிருந்து துறைக்கு ஏறிக் காட்டினார். "என் கனத்தையே தாங்கிட்டாரும்மா, இதுக்கு மேல என்ன வேணும்? எழுதுங்க." அவள் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலையில் வரிசை வழக்கத்தைவிட நீளம். கை எப்படி இருக்கிறது என்று பார்க்கவே சிலர் வந்திருந்தார்கள். மீன் கூடைக்காரி ஏறினாள். இரண்டு ஆசிரியர்கள் ஏறினார்கள். ஒவ்வொரு மணிக்கட்டாகக் கைக்குள் வந்து போனது. தோள் முனகியது, ஆனால் தாங்கியது. முகத்தைப் பார்க்காமல் கைகளை மட்டும் பார்த்து வேலை செய்துகொண்டிருந்தார். பயம் அவரை இன்னும் முழுதாக விடவில்லை.

அப்போது அவர் முன்னால் நான்கு விரல்கள் நீண்டன.

ஒடிசலான, எலும்பு தெரியும் விரல்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கடிகாரக்காரர் நின்றுகொண்டிருந்தார். அந்த மனிதர் படகேறி யாரும் பார்த்ததில்லை. அவர் கடை இந்தக் கரையில், வீடும் இந்தக் கரையில். அக்கரையில் அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. படகு அலையில் மெல்ல ஏறி இறங்கியது. ஒரு சாண் இடைவெளி விரிந்து, மூடி, மறுபடி விரிந்தது.

கைக்காரரின் கை தன்னால் கால்சட்டைப் பக்கம் போனது. துடைக்கவில்லை. பாதியில் நின்றது. அந்த விரல்களைத் தொட்டால் தன் விரல்கள் விரிந்துவிடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"விரலைக் குடுக்காதீங்க சார்," என்றார். "விரல் நிக்காது. மணிக்கட்டைக் குடுங்க."

கடிகாரக்காரர் விரல்களை மடக்கினார். முழுக்கைச் சட்டையைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு மணிக்கட்டை நீட்டினார். கைக்காரர் பிடித்தார். அந்த மெலிந்த விரல்கள் அவர் மணிக்கட்டைச் சுற்றி இறுகின. ஒரு எட்டில் கடிகாரக்காரர் படகுக்குள் வந்துவிட்டார். வந்த பிறகும் கையை விடவில்லை.

"இருபது வருஷம்," என்றார் மெதுவாக. கோபமே இல்லாத குரல். "ஒரு நாளாவது அவகிட்ட இப்படி மணிக்கட்டைக் கேட்டிருக்கலாமே. அவ குடுத்திருப்பா."